தண்ணீரில் ஓடும் கடிகாரம் உண்மையில் எதில் ஓடுகிறது?

பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லி விற்கப்படும் மேசைக் கடிகாரம் ஒன்றை வீட்டில் வைத்து, கழற்றி, அளந்து, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்ததன் பதிவு இது. ஓடுகிறதா என்பதில் சந்தேகமே இல்லை. ஊற்றிய சில விநாடிகளில் திரையில் 12:00 என்று எண்கள் எழுகின்றன, நடுப்புள்ளிகள் சிமிட்டத் தொடங்குகின்றன. என் கேள்வி வேறு: இதை ஓட்டுவது தண்ணீர்தானா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுவது துத்தநாகம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதற்குத் துணை. தண்ணீர் இரண்டுக்கும் நடுவே வழிவிடுகிறது. இப்படிச் சொன்னால் பாடப்புத்தக வரி போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றையும் கையால் மாற்றிப் பார்த்து உறுதிசெய்யும்போது கிடைக்கும் தெளிவு வேறு. வீட்டில் ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாரும் செய்யலாம்.

பழைய நீர்க் கடிகாரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். துளையிட்ட வட்டிலுக்குள் நீர் புகுந்து அது மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகையாக, அதாவது 24 நிமிடமாகக் கொண்டார்களே, அங்கே நீரின் ஓட்டமே காலத்தை அளந்தது. இங்கே காலத்தை அளப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும். கடிகாரத்திலுள்ள மின்னணுச் சில்லு அதைத்தான் செய்து விநாடிக்கு ஒரு துடிப்பை எடுக்கிறது. ஆகவே எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் நேரம் வேகமாகவோ மெதுவாகவோ போகாது. மின்னழுத்தம் போதுமானதாக இருக்கும்வரை சரியான நேரம், இல்லாவிட்டால் வெறும் திரை, அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உடம்பு. நடுவே ஒரு தடுப்பு. பக்கத்துக்கு ஓர் அறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் கொள்ளும். மூடியிலிருந்து ஒவ்வோர் அறைக்குள்ளும் இரண்டு தகடுகள் தொங்குகின்றன. ஒன்று சாம்பல் நிறத் துத்தநாகம், இன்னொன்று செம்பு. முதல் அறையின் துத்தநாகத் தகட்டை இரண்டாம் அறையின் செம்புத் தகட்டோடு ஒரு கம்பி இணைக்கிறது. மீதமுள்ள இரண்டு முனைகள் கடிகாரச் சில்லுக்குப் போகின்றன. அதாவது இரண்டு மின்கலங்கள் தொடராக நிற்கின்றன. இந்த அமைப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே பாதி விடை தெரிந்துவிடுகிறது. பேட்டரி வேண்டாம் என்று சொன்ன பொருளுக்குள் இருப்பது பேட்டரிதான்.

குழாய்த் தண்ணீர் ஊற்றியதும் ஒவ்வோர் அறையிலும் 0.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் அளவு காட்டியது. இரண்டும் சேர்ந்து 1.8. கடிகாரத்தை இணைத்த பிறகு 1.7. துத்தநாகமும் செம்பும் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 1.10 வோல்ட். அது 1836-இல் ஜான் ஃபிரெடெரிக் டேனியல் அமைத்த கலத்தின் கணக்கு. அங்கே செம்பைச் சுற்றிச் செம்பு சல்பேட் கரைசல் இருக்கும், கரைசலிலுள்ள செம்பு அயனிகள் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தகட்டில் படியும். நம் கடிகாரத்தில் அந்தக் கரைசல் கிடையாது. அப்படியானால் செம்புத் தகட்டில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது யார்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். பின்னால் திரை மங்கியபோது அதுவே திறவுகோலானது.

கடிகாரம் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள, 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைக் கம்பியின் நடுவே தொடராக இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தைப் பார்த்தேன். 50 மில்லிவோல்ட் அளவில் வந்தது. ஓம் விதிப்படி 5 மைக்ரோஆம்பியர். ஓர் ஆம்பியரைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் ஐந்து பங்கு! 1.7 வோல்ட்டோடு பெருக்கினால் 8.5 மைக்ரோவாட். ஒரு வாட் எல்.இ.டி. விளக்கு எரியத் தேவைப்படும் சக்தியில் இப்படிப்பட்ட கடிகாரங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓடும். இந்தச் சிக்கனம்தான் முழு வித்தையின் அடிப்படை. எல்.சி.டி. திரை தானாக ஒளி விடுவதில்லை, வெளி வெளிச்சத்தை மறைத்தோ விட்டோ எண்களைக் காட்டுகிறது. அதனால் அதற்கு மின்சாரம் அநேகமாகத் தேவையே இல்லை எனலாம். இதே தகடுகளுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் மின்தடையை வைத்ததும் மின்னழுத்தம் கண்ணெதிரே சரிந்து ஒரு வோல்ட்டின் பத்தில் சில பங்குக்கு வந்துவிட்டது. ஒன்றிரண்டு மில்லிஆம்பியரைக்கூட இதனால் தர முடியாது. அலாரம் ஒலிக்கும்போது எண்கள் ஒரு கணம் வெளிறுவதற்கும் அதுவே காரணம். இரவில் பார்க்க விளக்கு வைத்த தண்ணீர்க் கடிகாரம் என்று யாராவது விற்றால், உள்ளே வேறு பேட்டரி இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

எந்தத் தண்ணீர்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, பதிலும் சுவாரசியமானது. சுத்தமான நீர் நல்லதுதானே என்று காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் கடிகாரம் கண்ணைத் திறக்காது. ஆனால் மல்டிமீட்டரை வைத்தால் 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது! மின்னழுத்தம் இருக்கிறது, கடிகாரம் ஓடவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?

சொல்லவில்லை. மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அது கலத்திலிருந்து எடுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. கடிகாரமோ ஏறத்தாழ 300 கிலோ ஓம் தடைக்குச் சமம். காய்ச்சி வடித்த நீர் காற்றுப்பட்டால் அதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமென்ஸ் அளவில் இருக்கும். 2 சதுர சென்டிமீட்டர் தகடுகள் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றால், நடுவிலுள்ள நீரின் தடை மட்டும் 500 கிலோ ஓம். இரண்டு அறைக்குமாகச் சேர்த்து 1 மெகா ஓம். மின்னழுத்தத்தின் பெரும்பகுதியை நீரே விழுங்கிவிடுகிறது, சில்லுக்குப் போய்ச் சேருவது கால்பங்குகூட இல்லை. குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்புகளால் கடத்துதிறன் சில நூறு மைக்ரோசீமென்ஸ் இருக்கும். 500 என்று வைத்தால் அறையின் தடை 1 கிலோ ஓம்தான். 5 மைக்ரோஆம்பியருக்கு அதில் இழப்பு 5 மில்லிவோல்ட், பொருட்படுத்த வேண்டியதே இல்லை. கலத்தைச் சோதிக்கும்போது சும்மா மின்னழுத்தத்தை மட்டும் பார்க்காமல், சுமையோடு பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காய்ச்சி வடித்த நீரை அப்படியே விட்டுவைத்தால் மெல்ல மெல்ல எண்கள் தலைகாட்டும். தகட்டிலிருந்து கரையும் துத்தநாகமும் காற்றிலிருந்து சேரும் கார்பன் டை ஆக்சைடும் நீரில் அயனிகளைக் கூட்டுவதே காரணம். வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீர் இடைப்பட்ட நிலை, ஓடும், ஆனால் மின்னழுத்தம் குழாய்த் தண்ணீரில் இருப்பதைவிடச் சற்றுக் குறையும்.

உப்புச் சிட்டிகை போட்டால் எண்கள் பளிச்சென்று வரும் என்று பலர் சொல்வதுண்டு. குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே இழப்பு 5 மில்லிவோல்ட்தான் என்னும்போது உப்பு போட்டு மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? லாபம் கிட்டத்தட்ட இல்லை, நட்டம் உண்டு. குளோரைடு அயனிகள் துத்தநாகத்தின் மேல் படியும் காப்புப் படலத்தைக் குலைத்து அரிப்பைக் கூட்டுகின்றன. வினிகர் இன்னும் வேகம். ஊற்றியதும் சாம்பல் தகட்டில் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுவதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அது ஹைட்ரஜன். கடிகாரத்தை இணைக்காதபோதும் அந்தக் குமிழிகள் நிற்பதில்லை. யாருக்கும் பயன்படாமல் தகடு கரைகிறது என்று பொருள்.

ஒவ்வொன்றாக மாற்றியபோது

சோதனையின் நடுவில் அண்ணன் மகள் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சித்தப்பா, தண்ணிலதான் ஓடுதுன்னா தண்ணி குறையணும்ல?” இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை கம்பிகளோடு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். நீர் மட்டம் குறையத்தான் செய்கிறது, ஆனால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குவளையில் நீரை வைத்தாலும் அதேபோலக் குறைகிறது. அது ஆவியாவது.

எது இல்லாமல் ஓடாது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விடுவது. கழற்றி மாற்ற வசதியாக, இரண்டு சிறு கண்ணாடிக் குவளைகளில் தகடுகளைத் தொங்கவிட்டு, முதலைக் கிளிப்புகளால் கடிகாரத்தோடு இணைத்துக்கொண்டேன்.

முதலில் செம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தடித்த பென்சிலின் கரிக்கோலை வைத்தேன். ஓடியது. எவர்சில்வர் கரண்டியை வைத்தேன், மின்னழுத்தம் கொஞ்சம் மாறியது, ஓடியது. அடுத்து நீரை எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைத் தகடுகளுக்கு நடுவே மடித்து வைத்தேன். இரண்டு குவளை நிறைய நீர் இருந்த இடத்தில் ஈரம் மட்டும். அதற்கும் ஓடியது. இது ஒன்றும் புதிதல்ல. 1800-இல் அலெஸாண்ட்ரோ வோல்டா அறிவித்த அடுக்கும் இதே மாதிரிதான்: துத்தநாக வில்லை, இன்னோர் உலோக வில்லை, நடுவே உப்புநீரில் நனைத்த துணியோ அட்டையோ.

கடைசியாகத் துத்தநாகத்தை எடுத்துவிட்டு அங்கேயும் செம்பையே வைத்தேன். நீர் அதே நீர், அதே அளவு. மீட்டரில் சில மில்லிவோல்ட் மட்டும் அங்குமிங்கும் அலைந்தது. திரை வெறுமை. தண்ணீர்தான் எரிபொருள் என்றால், தண்ணீர் நிறைய இருக்கும்போது கடிகாரம் நின்றிருக்கக் கூடாது.

எவர்சில்வரும் கரியும் செம்பின் இடத்தை எடுத்துக்கொள்ள முடிகிறது, ஈரத்துணி நீரின் இடத்தை எடுத்துக்கொள்ள முடிகிறது. துத்தநாகத்தின் இடத்தை எடுத்துக்கொள்ள அதைப் போலவோ அதைவிட அதிகமாகவோ எலக்ட்ரானைக் கைவிடும் உலோகம்தான் வேண்டும். மெக்னீசியம் பட்டையை வைத்தபோது மின்னழுத்தம் இன்னும் ஏறியது. இந்த வரிசையில் சோதனை செய்ய அரைமணி நேரம்கூடப் பிடிக்காது, குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

மங்கிய திரை

எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, இரண்டு அறையிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தை அலமாரியில் வைத்தாயிற்று. ஒரு வாரத்துக்கும் கொஞ்சம் மேல் நன்றாக ஓடியது. அப்புறம் எண்கள் வெளிற ஆரம்பித்தன. எல்.சி.டி. திரை மின்னழுத்தம் குறையும்போது சட்டென்று அணைவதில்லை. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தலையைச் சாய்த்து ஒரு கோணத்தில் பார்த்தால் எண்கள் சாம்பல் நிழல்போல இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இருந்தபோதே பிடித்துவிட்டேன்.

விற்பவர் தந்த தாள் “தண்ணீரை மாற்றவும்” என்கிறது. மாற்றினால் ஓடும்தான். ஆனால் ஏன் என்பது தெரியாமல் போய்விடும். அதனால் ஒரு சொட்டு நீரையும் மாற்றாமல், கடிகாரம் இணைந்திருக்கும்போதே அறை அறையாக அளந்தேன். ஓர் அறை 0.85 வோல்ட், நல்ல நிலை. இன்னொன்று 0.4. ஒரே நாளில், ஒரே குழாயில் பிடித்த நீர். தகடுகளும் ஒரே மாதிரி, இரண்டு துத்தநாகத்தின் மேலும் ஒரே அளவு வெள்ளைப் படிவு. என்ன வித்தியாசம்?

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. நன்றாக இருந்த அறையில் நீர் மட்டத்துக்கு மேல் விரலளவு காற்று இருந்தது. மங்கிய அறையில் நீர் விளிம்பு வரை நிரம்பி, ரப்பர் அடைப்பான் அதன் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. காற்றே இல்லை.

இப்போது ஒதுக்கி வைத்த கேள்விக்கு வரலாம். செம்புத் தகட்டில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை வாங்கி, இரண்டு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளாகிறது. அந்தப் பக்கம் கரைந்து வரும் துத்தநாகம் அவற்றோடு சேர்ந்து துத்தநாக ஹைட்ராக்சைடாகிறது. தகட்டிலும் அடியிலும் சேரும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் இதுவும், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து உண்டாகும் கார்பனேட்டும்தான். ஆக்சிஜன் தீர்ந்தால் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கிட்டத்தட்ட நடுநிலையான நீரில் அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய பாதி. மீட்டர் காட்டிய 0.4 இதோடு ஒத்துப்போகிறது.

சரி, ஒரு வாரத்தில் தீர்ந்துபோகுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 50 மில்லிலிட்டரில் 0.4 மில்லிகிராம். 5 மைக்ரோஆம்பியர் ஒரு நாள் முழுதும் ஓடினால் 0.432 கூலூம் மின்னூட்டம். அதற்குச் செலவாகும் ஆக்சிஜன் 36 மைக்ரோகிராம். வெளியிலிருந்து காற்றே வராவிட்டால் கடிகாரத்துக்கு மட்டும் 11 நாள் வரும். ஆனால் துத்தநாகம் கடிகாரத்துக்குக் கொடுப்பது போக, தன் மேற்பரப்பிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து சும்மாவும் அரிக்கிறது. அந்தச் செலவையும் சேர்த்தால் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் என்பது நான் பார்த்ததற்கு அப்படியே பொருந்துகிறது.

காகிதத்தில் பொருந்தினால் போதாது. அடைப்பானைத் திறந்து, கொஞ்சம் நீரை வெளியே எடுத்து, மூடி, கடிகாரத்தைக் கையில் எடுத்து மெதுவாகக் குலுக்கினேன். மீட்டரில் 0.4 என்பது 0.5, 0.6 என்று ஏறத் தொடங்கியது. எண்கள் சாம்பலிலிருந்து கறுப்புக்கு வந்தன. அதே தகடுகள், அதே நீர், புதிதாகச் சேர்ந்தது காற்று மட்டும். எதிர்ப்பக்கச் சோதனையையும் செய்தேன். நீரைக் கொதிக்கவைத்தால் கரைந்த காற்று வெளியேறிவிடும். அப்படிக் கொதித்த நீரை மூடியபடியே ஆறவைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அறையில் விளிம்பு வரை நிரப்பி அடைத்தேன். இந்த முறை வாரம் காத்திருக்க வேண்டியதாக இல்லை, சீக்கிரமே அந்த அறையும் தளர்ந்தது. திறந்து குலுக்கியதும் மீண்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கடிகாரத்தின் மேல் உண்மையான மரியாதை வந்தது. காது கேட்கும் கருவிகளில் போடும் சிறு பொத்தான் பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தால்தான் வேலை செய்யும். உரித்ததும் நுண்ணிய துளைகள் வழியே காற்று உள்ளே போகிறது. அது துத்தநாக-காற்றுக் கலம். நம் மேசைமேல் இருப்பதும் அதே குடும்பம், அதன் மிக எளிய, மிக மெலிந்த உறுப்பினர். “தண்ணீர்க் கடிகாரம்” என்பதைவிடத் “துத்தநாக-காற்றுக் கடிகாரம்” என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது பெருமைக்குரிய விவரமாகவே இருந்திருக்கும்.

விளிம்பு வரை நிரப்புவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. நடுத்தடுப்பின் மேல் நீர் வழிந்து இரண்டு அறைகளையும் ஒரு மெல்லிய படலம் இணைத்துவிட்டால், தொடர் இணைப்பு கெட்டுவிடும். முதல் அறைத் துத்தநாகமும் இரண்டாம் அறைச் செம்பும் ஏற்கெனவே கம்பியால் இணைந்தவை. நீராலும் இணைந்துவிட்டால் அவை இரண்டும் தங்களுக்குள்ளேயே குறுக்குச்சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்), கடிகாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கலத்தின் மின்னழுத்தமே மிஞ்சும். சொட்டுக்குழாயால் தடுப்பின் மேல் வேண்டுமென்றே நீர் விட்டுப் பார்த்தேன். 1.7 வோல்ட் 1-க்கும் கீழே இறங்கியது. துணியால் தடுப்பின் விளிம்பைத் துடைத்ததும் பழைய நிலை. கடிகாரத்தைத் தூக்கி இடம் மாற்றிய பின் திரை போய்விட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

துத்தநாகத்தின் கணக்கு

ஒவ்வோர் அறையிலும் ஒரு கிராம் துத்தநாகம் முழுவதும் கடிகாரத்துக்காகவே கரைந்தால் எவ்வளவு காலம் ஓடும்? ஃபாரடேயின் விதிப்படி ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலூம். துத்தநாகத்தின் அணு நிறை 65.38, ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரான் தரும். கணக்குப் போட்டால் கிராமுக்கு ஏறத்தாழ 820 மில்லிஆம்பியர் மணி. 5 மைக்ரோஆம்பியரில் இது 18 ஆண்டுகளுக்கும் மேல்! தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், தகடு தேய்வதே தெரியவில்லை. அதனால் தண்ணீர்தான் செலவாகிறது என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. நடைமுறையில் சும்மா நடக்கும் அரிப்பால் அந்த ஆயுள் வெகுவாகக் குறையும். தகடு முழுதும் கரைவதற்கு முன்பே படிவு மூடி வேலையை நிறுத்திவிடுவதும் உண்டு.

அந்தத் துத்தநாகத்துக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். தாதுவிலிருந்து எடுத்த துத்தநாகக் கரைசலில் மின்சாரம் செலுத்தித்தான் உலகின் பெரும்பாலான துத்தநாகம் உலோகமாக்கப்படுகிறது. அந்த ஒரு படிக்கு மட்டும் டன்னுக்கு ஏறத்தாழ 3,000 கிலோவாட் மணி செலவாகிறது. கிராமுக்கு 3 வாட் மணி. கடிகாரத்தில் அந்த ஒரு கிராம், அரிப்பால் கொஞ்சமும் வீணாகாவிட்டாலும், திருப்பித் தருவது 0.7 வாட் மணி அளவுதான். ஆகவே இந்தத் திரையில் எண்களைக் காட்டுவது என்றோ ஒரு நாள் உருக்காலையில் செலுத்தப்பட்ட மின்சாரத்தின் ஒரு சிறு பகுதி. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற வாசகத்தை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 120 மில்லிஆம்பியர் மணி கொண்ட சிறு பொத்தான் பேட்டரி இதே சில்லை இரண்டரை ஆண்டுக்கும் மேல் ஓட்டும். தண்ணீர்க் கடிகாரத்தால் மிச்சமாவது அந்த ஒரு பொத்தான் பேட்டரிதான்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் ஓடும் வண்டி, தண்ணீரில் எரியும் அடுப்பு என்ற அறிவிப்புகள் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன. நம்பிப் பணம் போட்டு ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். “வீட்டில் தண்ணீர்க் கடிகாரமே ஓடுகிறதே” என்பது அந்த நம்பிக்கைக்கு நல்ல சாட்சி மாதிரி தோன்றும். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதை மறுபடி பிரிக்க 18 கிராமுக்கு 286 கிலோஜூல் நாம்தான் கொடுக்க வேண்டும், அது நமக்குத் தராது. இந்தக் கடிகாரத்தில் ஹைட்ராக்சைடாகும் நீரும் எரிபொருளாகச் செலவாகவில்லை. ஆற்றலைத் தருவது துத்தநாகமும் ஆக்சிஜனும் சேர்வதுதான்.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன்

குழாய்த் தண்ணீர் மட்டும், உப்போ வினிகரோ சேர்ப்பதில்லை. ஒவ்வோர் அறையிலும் விரலளவு காற்றிடம் விட்டு, தடுப்பின் மேல்விளிம்பை உலரத் துடைத்து, அடைப்பானை இறுக்காமல் வைக்கிறேன். எண்கள் வெளிறினால் முதலில் குலுக்கிப் பார்ப்பது. அதில் மீண்டால் காற்றுக்குறை. மீளாவிட்டால் அறை அறையாக அளந்து, குறைந்த அறையின் துத்தநாகத் தகட்டைக் கழற்றி, நைசான உப்புத்தாளால் வெள்ளைப் படிவு போய் உலோகத்தின் சாம்பல் மினுமினுப்பு தெரியும்வரை தேய்ப்பது. பொடி பறக்காமல் இருக்க நீரில் நனைத்தபடியே தேய்க்க வேண்டும். படிவு தடித்துப்போயிருந்தால் சிறிது நேரம் வினிகரில் நனைத்து, நல்ல நீரில் அலசிவிட்டுப் பிறகு தேய்க்கலாம். செம்புத் தகட்டைத் துடைத்தால் போதும்.

நேரம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: மற்ற மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் போலத்தான், மாதத்துக்குச் சில விநாடிகள் முன்பின். நீர் மாற்றும்போது நினைவு போகாமலிருக்கச் சில கடிகாரங்களில் சிறு மின்தேக்கி இருக்கும், 5 மைக்ரோஆம்பியர் தேவைக்கு அது கொஞ்ச நேரம் தாங்கும். அது இல்லாதவற்றில் ஓர் அறையைக் காலிசெய்த உடனே நேரம் 12:00-க்குப் போய்விடும், மறுபடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய நீரைக் கொட்டும்போது கவனம் வேண்டும். அதில் கரைந்த துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் இருக்கும். இரண்டுமே மீன்களுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கடிகாரத்தை வைக்காதீர்கள், மீன் தொட்டி நீரை எடுத்து ஊற்றிவிட்டு அதையே திரும்பத் தொட்டியில் விடவும் கூடாது. குழந்தைகளோடு சேர்ந்து சோதனை செய்தால், தகடுகளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். குடிக்கும் குவளைகளை இதற்கு எடுக்க வேண்டாம், தனியாக இரண்டு கண்ணாடிக் குவளைகளை ஒதுக்கி, மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.